கண் விழித்திருக்கும்போதே மூளை தூங்கும்... தெரியுமா?

'ராத்திரி முழுக்க முழிச்சிருந்தேன், ஒண்ணும் ஆகலையே!' என்று மார்தட்டும் ஆளா நீங்கள்? அப்படியானால் இதைப் படியுங்கள்!

★ விழித்திருக்கும் மூளையில் சில செல்கள் மட்டும் திருட்டுத்தனமாகத் தூங்கிவிடும், தெரியுமா? அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தூங்கவிடாமல் வைத்த எலிகளிடம் இதைப் பார்த்து 2011-ல் வெளியிட்டார்கள். கண் திறந்திருக்கிறது, உடம்பு நடமாடுகிறது, ஆனால் அசைவை இயக்கும் பகுதியில் சில செல்கள் கண நேரம் அணைந்துபோகின்றன. அந்தக் கணம் பார்த்துச் சர்க்கரை உருண்டையை எடுக்கக் கையை நீட்டிய எலி, பல தடவை கோட்டைவிட்டது!

★ மனிதனுக்கும் இதே கதிதான்! லாஸ் ஏஞ்சலிஸில் வலிப்பு நோய் சிகிச்சைக்காக மூளைக்குள் மின்முனை பொருத்தியிருந்தவர்களிடம், தூக்கமில்லாத இரவுக்குப் பின் படங்களைக் காட்டி வகைப்படுத்தச் சொன்னார்கள். பதில் தாமதமானபோதெல்லாம் மூளை செல்களின் துடிப்பும் தாமதமாகவும் பலவீனமாகவும் இருந்தது. 2017-ல் வெளிவந்த ஆய்வு இது.

★ தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தால், கண்ணும் கையும் ஒத்துழைக்கும் திறன் 100 மி.லி. ரத்தத்தில் 50 மி.கி. மது ஏறியவரின் அளவுக்கு இறங்கிவிடும்! இது 1997-ல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வின் முடிவு. நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் அளவே 30 மி.கி.தான்!

★ விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்தக் கால் விநாடி போதும். தூக்கம் கெட்டவருக்கோ அவ்வப்போது அரை விநாடி தாண்டும். சில சமயம் பல விநாடிகள் பதிலே வராது. 90 கி.மீ. வேகத்தில் போகும் கார், 4 விநாடியில் 100 மீட்டர் ஓடிவிடும்!

★ சான் டியேகோவைச் சேர்ந்த 17 வயது ராண்டி கார்ட்னர் 264 மணி நேரம் தூங்காமல் இருந்தார். 1964 ஜனவரியில் முடிந்த அந்தச் சோதனையின் கடைசி நாள், 100-லிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார்கள். 65-க்கு வந்ததும் நின்றுவிட்டார். 'ஏன் நிறுத்தினாய்?' என்றால், என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதே அவருக்கு மறந்துவிட்டது!

★ காபி குடித்தால் சரியாகிவிடுமா? ஊஹூம்! தூக்கத்தைத் தூண்டும் அடினோசின், மூளை செல்லில் உட்காரும் இடத்தைக் காஃபீன் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். தூக்கக் கடன் அப்படியே பாக்கி!

★ எல்லாவற்றையும்விடப் பெரிய அதிர்ச்சி: 2003-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், சிலரை இரண்டு வாரம் தினமும் 6 மணி நேரத்துக்குமேல் படுக்கவிடவில்லை. அவர்களின் கவனமும் வேகமும் ஓரிரு இரவுகள் அறவே தூங்காதவர் அளவுக்குச் சரிந்தன. ஆனால் கேட்டால், 'லேசாத் தூக்கம் வருது, அவ்வளவுதான்' என்ற கணக்கில்தான் பதில்! பின்னே, 'நான் நல்லாத்தான் இருக்கேன்' என்று சான்றிதழ் தருவதும் அதே அரைத்தூக்க மூளைதானே!