எலி உறைஞ்சு நின்னுச்சா? கேமராவைக் கேட்டா போதுமா?

விருதுநகர் பக்கம் வளர்ந்தவனுக்கு வெடிச்சத்தம் புதுசு இல்ல. ஆனா எங்க வீட்டுப் பூனைக்கு அது பழகவே இல்ல. தெருவுல சிவகாசிச் சரம் ஒண்ணு வெடிச்சா, கட்டிலுக்கு அடியில அப்படியே உறைஞ்சுபோய் உட்கார்ந்திருக்கும். மூச்சு மட்டும்தான் அசையும்.

ஆய்வகத்துல எலியோட பயத்தை அளக்குறதுக்கும் இந்த அசைவின்மைதான் அளவுகோல். ஒரு சத்தம், கூடவே காலில் லேசான மின்சார அதிர்ச்சி. மறுநாள் சத்தம் மட்டும். எலி எவ்வளவு நேரம் உறைஞ்சு நிக்குதோ, அந்த அளவுக்குப் பயம் ஞாபகத்துல இருக்குன்னு கணக்கு. தொடர் மன அழுத்தத்துல எலிகளோட அமிக்டலா நரம்பணுக்கள் கிளைவிட்டுப் பெருகுதுன்னு பெங்களூரு என்சிபிஎஸ், நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் 2002-ல காட்டினாங்க. மூளையில நடக்குற இந்த மாதிரி மாற்றத்துக்கும் நடத்தைக்கும் முடிச்சுப் போடணும்னா, நடத்தையைச் சரியா அளக்கணும்.

முன்னாடி ஸ்டாப்வாட்ச்சோட ஒருத்தர் உட்கார்ந்து எண்ணுவார். இப்போ மென்பொருள் எண்ணுது. எளிய வழி இதுதான்: அடுத்தடுத்த ரெண்டு ஃபிரேமை ஒண்ணுலேர்ந்து ஒண்ணு கழிக்கணும். மாறின பிக்சல்கள் ஒரு வரம்புக்குக் கீழ இருந்து, அந்த நிலை ஒரு விநாடியாவது நீடிச்சா, 'உறைஞ்சது'ன்னு குறிச்சுக்கணும். பைதான்ல சில வரிதான்.

பிஎச்டி பண்ற நண்பன் ஒருத்தனுக்கு நானும் இதை எழுதிக் கொடுத்தேன். மருந்து கொடுத்த எலிகள் குறைவா உறைஞ்சதா முடிவு வந்துச்சு. ரெண்டு பேருக்கும் ஒரே சந்தோஷம். அப்புறம் எலியே இல்லாத காலிப் பெட்டியோட வீடியோவை ஓட்டிப் பார்த்தேன். அதுலயும் 'அசைவு' இருக்குன்னு புரோகிராம் சொல்லுது!

காரணம் டியூப் லைட். நம்ம மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சோக் வெச்ச பழைய லைட் விநாடிக்கு 100 தடவை மினுக்கும். கேமரா 30 ஃபிரேம்ல ஓடினா, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வெளிச்சம் கொஞ்சம் மாறும். மருந்து கொடுத்த எலிகளை மட்டும் அந்த அறையில படம் பிடிச்சிருந்தாங்க. அசையாம நின்ன எலியையும் அசைஞ்சதா எண்ணிட்டேன்.

கேமராவை 25 ஃபிரேமுக்கு மாத்தினா, ஒரு ஃபிரேமுக்குச் சரியா 4 மினுக்கு. அகச்சிவப்பு விளக்கு இன்னும் நல்லது; எலிக்கு அது தெரியாது.

2018-ல வந்த டீப்லேப்கட், மூக்கு, காது, வால்னு உடம்புப் புள்ளிகளையே பின்தொடருது. சுமார் 200 ஃபிரேம்ல நாம கையால குறிச்சுக் கொடுத்தாலே கத்துக்கும். ஆனா அதுவும் நாம குறிச்சதைத்தான் கத்துக்கும். அதனால, எந்த எலிக்கு மருந்துன்னு தெரியாத ஒருத்தர் சில வீடியோக்களைக் கண்ணால பார்த்து எண்ணி ஒப்பிடணும்.

அந்த எலிகள் பட்ட அதிர்ச்சி உண்மை. பதிலுக்கு நாம எடுக்குற எண்ணும் உண்மையா இருக்கணும். காலிப் பெட்டியை முதல்ல ஓட்டிப் பாருங்க. அடுத்த வாரம் பேசுவோம்.