"சாவி ஒண்ணுதான் இருக்குங்களா?": காருக்கு ஸ்பேர் ரிமோட் செய்யப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்!

ஆடிப் பெருக்கு அன்று பவானி கூடுதுறையில் முங்கி எழுந்து, ஈரத்தோடு காருக்கு வந்து பட்டனை அமுக்கினால் சத்தமே வராது. சாவி டவுசர் பாக்கெட்டிலேயே இருந்திருக்கும். கொடிவேரி அணைக்குக் குளிக்கப் போகிற குடும்பங்களுக்கும் இதே கதைதான். ஈரோடு ஜவுளிச் சந்தைக் கூட்டத்தில் சாவியைத் தொலைத்துவிட்டு வந்த வழியெல்லாம் தேடுகிறவர்கள் இன்னொரு ரகம். யாராக இருந்தாலும் கடைசியில் போய் நிற்பது சாவிக் கடையில் அல்லது சர்வீஸ் சென்டரில். அங்கே முதல் கேள்வி ஒன்றுதான்: "சாவி ஒண்ணுதான் இருக்குங்களா?"

செலவு, நேரம், அலைச்சல் மூன்றும் அந்தப் பதிலில்தான் இருக்கிறது. வேலை செய்கிற சாவி ஒன்று கையில் இருந்தால், பல மாடல்களுக்கு இன்னொன்று செய்வது சுலபம். ஒன்றுமே இல்லையென்றால் காரை இழுத்துக்கொண்டு போக வேண்டி வரலாம். கம்பெனியிலிருந்து சாவி வரும்வரை நாள்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். சில மாடல்களில் டேஷ்போர்டுக்கு உள்ளே இருக்கும் கன்ட்ரோல் யூனிட்டைக் கழற்றித்தான் புதுச் சாவியைப் பதிய முடியும். அதனால், ஸ்பேர் சாவி செய்ய நல்ல நேரம் முதல் சாவி தொலைவதற்கு முன்னால்தான்.

ஒரு சாவிக்குள் மூன்று சாவி

கையில் ஒன்றாகத் தெரிந்தாலும் அதற்குள் மூன்று தனித்தனி சமாசாரங்கள் இருக்கின்றன. முதலாவது, பூட்டுக்குள் நுழையும் உலோகத் தகடு. இரண்டாவது, கதவைத் திறக்கும் ரிமோட். இது பேட்டரியில் ஓடுகிற ஒரு குட்டி ரேடியோ. இந்தியாவில் ஓடும் கார்களில் பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசும். மூன்றாவதுதான் பலருக்கும் தெரியாதது: இம்மொபிலைஸர் சிப். சாவியைத் திருகும்போது இக்னிஷனைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் இந்தச் சிப்பிடம் 'நீ யார்?' என்று கேட்கும். சரியான பதில் வந்தால்தான் இன்ஜின் ஓடும். சாதாரணச் சாவியில் உள்ள சிப்புக்கு பேட்டரியே தேவையில்லை. அந்தக் கம்பிச்சுருளிலிருந்தே மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும்.

இந்த வித்தியாசம் தெரியாமல்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். "ரிமோட் போட்டாச்சுங்க" என்று கடையில் சொல்லியிருப்பார்கள். பட்டனை அமுக்கினால் கதவும் திறக்கும். ஆனால் ஸ்டார்ட் செய்தால் டேஷ்போர்டில் சாவிப் படம் மினுக்கும், வண்டி அசையாது. ரிமோட்டைப் பதிவது ஒரு வேலை, சிப்பைப் பதிவது வேறு வேலை. இரண்டும் சேர்த்துத்தான் விலையா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கூடுதுறையில் நனைந்த சாவிக்கு ஒரு நல்ல செய்தியும் இதில் இருக்கிறது. ரிமோட் செத்தாலும் சிப் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். தகட்டால் கதவைத் திறந்து, சாவியைப் போட்டுத் திருகினால் வண்டி கிளம்பிவிடும். கதவைத் திறந்ததும் சில கார்களில் அலாரம் அலறும். பயப்படாமல் இக்னிஷனை ஆன் செய்யுங்கள், அடங்கிவிடும். பட்டன் ஸ்டார்ட் காராக இருந்தால், ஸ்மார்ட் சாவிக்குள் ஒளிந்திருக்கும் சின்னத் தகட்டை உருவிக் கதவைத் திறக்கலாம். பிறகு சாவியை ஸ்டார்ட் பட்டனை ஒட்டிப் பிடித்தபடி அமுக்கினால் பெரும்பாலான மாடல்கள் கிளம்பும். சில மாடல்களில் சாவியை வைக்க வேறு இடம் இருக்கும், மேனுவலில் போட்டிருப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் பேட்டரியைக் கழற்றிவிட்டு, உள்ளே இருக்கும் சர்க்யூட்டை நிழலில் நன்றாகக் காய விடுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம்.

பேட்டரி என்றதும் இன்னொன்று. ரிமோட் வேலை செய்யவில்லை என்றால் 'புரோகிராம் போயிருச்சு' என்று முடிவுகட்டும் முன் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். பேட்டரியைக் கழற்றினால் சாவியின் பதிவு பொதுவாக அழியாது. பல ரிமோட்டுகளில் இருப்பது சி.ஆர்.2032. 20 என்பது விட்டம் மில்லிமீட்டரில், 32 என்பது 3.2 மில்லிமீட்டர் கனம். மெலிசான 2025-ஐப் போட்டால் ஆடிக்கொண்டே இருக்கும். கழற்றிய பழைய பேட்டரியைக் குழந்தைகள் கைக்கு எட்டும்படி வைக்காதீர்கள். விழுங்கினால் உணவுக்குழாயை வேகமாக அரித்துவிடும். ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம் அது.

காருக்கும் சாவிக்கும் ஒரே காலண்டர்

'புரோகிராம் செய்வது' என்றால் என்னதான் செய்கிறார்கள்? காரும் சாவியும் ஒரே மாதிரியான தினசரி காலண்டர் வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை பட்டனை அமுக்கும்போதும் சாவி ஒரு தாளைக் கிழித்து, அதிலிருக்கும் எண்ணைச் சொல்லும். கார் தன் காலண்டரைப் பார்த்து, எண் சரியாக இருந்தால் கதவைத் திறக்கும். கிழித்த தாள் மறுபடி செல்லாது. பக்கத்தில் நின்று யாராவது அந்தச் சிக்னலைப் பதிவுசெய்து திரும்ப ஒலிபரப்பினாலும் கதவு திறக்காமல் இருப்பது அதனால்தான். 'ரோலிங் கோட்' என்று பெயர்.

இந்த முறையில் உலகம் முழுக்கப் பரவிய ஒன்று கீலாக். 1980-களில் தென்னாப்பிரிக்காவில் உருவாகி, 1995-ல் அமெரிக்காவின் மைக்ரோசிப் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. வீட்டில் பாப்பா சாவியை வைத்துக்கொண்டு சும்மா அமுக்கிக்கொண்டே இருந்தால்? கீலாக்கில் 16 தாள் வரை முந்திப் போனால் கார் கண்டுகொள்ளாது, கதவு உடனே திறக்கும். அதையும் தாண்டிப் போயிருந்தால், காருக்குப் பக்கத்தில் நின்று அடுத்தடுத்து இரண்டு முறை அமுக்க வேண்டும். வரிசையாக இரண்டு எண்கள் கிடைத்ததும் கார் தன் காலண்டரைச் சரிசெய்துகொள்ளும். ரிமோட் தகராறு செய்தால் இதையும் ஒருமுறை செய்து பார்த்துவிட்டுக் கடைக்குப் போகலாம், காசா பணமா!

புது ரிமோட்டைப் பதிவது என்றால் இந்தக் காலண்டரின் ஒரு பிரதியை காரிடம் ஒப்படைப்பதுதான். வெளியே வாங்கி மாட்டிய சென்ட்ரல் லாக் கிட்டாக இருந்தால் வேலை எளிது. கிட்டோடு வந்த பேப்பரில் வழிமுறை இருக்கும்; கன்ட்ரோல் பாக்ஸில் ஒரு பட்டனை அமுக்கியோ, இக்னிஷனைச் சொன்ன கணக்கில் ஆன்-ஆஃப் செய்தோ நாமே பதியலாம். கம்பெனி ரிமோட்டிலும் சில பழைய மாடல்களுக்கு இந்த இக்னிஷன் வித்தை உண்டு. ஆனால் வீடியோவில் யாரோ ஒரு வெளிநாட்டு மாடலுக்குச் செய்வதைப் பார்த்து நம் காரில் முயல்வது வீண் வேலை. இப்போதைய கார்களுக்கு ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓ.பி.டி போர்ட்டில் ஸ்கேனரைச் செருகி, காரின் ரகசிய எண்ணையும் கொடுத்துத்தான் சிப்பைப் பதிய முடியும்.

ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிற பழைய ஸ்மார்ட் சாவிகளை நம்பி வாங்காதீர்கள். பல மாடல்களில் ஒரு காரோடு கல்யாணம் முடித்த சாவி இன்னொரு காரை ஏற்காது. புதிதாக வாங்கினாலும் அலைவரிசையும் சிப்பின் ரகமும் பொருந்த வேண்டும். கடைகளில் '46 சிப்', '47 சிப்' என்று நம்பர் சொல்வது இதைத்தான்.

ஷோரூமா, வெளிக்கடையா? பெருந்துறை ரோடு ஷோரூமுக்குப் போனால் ஆர்.சி, அடையாள அட்டை, தொலைந்திருந்தால் போலீஸ் புகார் ரசீது எல்லாம் கேட்பார்கள், சாவி வரத் தாமதமாகும், விலையும் கூடுதல். ஸ்மார்ட் சாவி பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும் மாடல்களும் உண்டு. வெளியே விலை குறைவு, வேலையும் சீக்கிரம் முடியும். என் கணக்கு இது: கையில் ஒரு சாவி இருந்து, கடை தெரிந்த கடையாக இருந்தால் வெளியே செய்யலாம். ஆனால் ஆர்.சி-யைக்கூடக் கேட்காமல் சாவி செய்துதருகிற இடத்தில் நான் செய்ய மாட்டேன். நம்மிடம் கேட்காதவர், நம் காருக்குச் சாவி கேட்டு வரும் இன்னொருவரிடமும் கேட்க மாட்டார் இல்லையா?

தொலைந்த சாவி எங்கே இருக்கிறது?

புதுச் சாவி கிடைத்த நிம்மதியில் எல்லோரும் மறப்பது பழைய சாவியை. அது எவர் கையிலாவது இருந்தால் இன்னும் உங்கள் காரைத் திறக்கும், ஓட்டும். புதியதைப் பதியும்போதே தொலைந்ததை அழிக்கச் சொல்ல வேண்டும். பல மாடல்களில் பதிவைத் தொடங்கினாலே பழைய சாவிகள் எல்லாம் அழிந்து, அப்போது கையில் இருப்பவை மட்டும் மறுபடி ஏறும். அதனால், வீட்டில் இருக்கும் எல்லாச் சாவிகளையும் எடுத்துக்கொண்டு போங்கள். சிப்பை அழித்தாலும் தகடு கதவைத் திறக்கத்தான் செய்யும். வீட்டு முகவரியோடு சாவி போயிருந்தால் பூட்டையே மாற்றுவது நல்லது.

சிப்பின் அருமை அமெரிக்கர்களுக்கு 2022 வாக்கில் புரிந்தது. ஐரோப்பாவில் 1998-லிருந்தே புதுக் கார்களில் இம்மொபிலைஸர் கட்டாயம். அமெரிக்காவிலோ ஹூண்டாய், கியாவின் பல மாடல்கள் அது இல்லாமலே விற்கப்பட்டன. யு.எஸ்.பி கேபிளின் முனையை வைத்தே அவற்றைக் கிளப்பும் வித்தை சமூக ஊடகங்களில் பரவி, திருட்டு எகிறியது.

நம் ஊரில் கார் திருடுபோய் இன்ஷூரன்ஸ் கேட்டுப் போனால், கம்பெனி இரண்டு ஒரிஜினல் சாவிகளையும் ஒப்படைக்கச் சொல்லும். ஒன்றுதான் இருக்கிறது என்றால் 'இன்னொன்று எங்கே, எப்போது தொலைந்தது, ஏன் சொல்லவில்லை' என்று கேள்விகள் வரும், பணம் இழுபடும். அதனால் சாவி தொலைந்த அன்றே போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரியப்படுத்துங்கள். ஸ்பேர் செய்த பில்லைப் பத்திரப்படுத்துங்கள். பாலிசியில் சாவிக்கென்று தனி ஆட்-ஆன் எடுத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். இருந்தால் செலவில் ஒரு பகுதியாவது திரும்பக் கிடைக்கும்.

சாவி பாக்கெட்டில் இருந்தாலே கதவு திறக்கும் கீலெஸ் கார் வைத்திருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு கவலை. கார் மெல்லிய சிக்னலில் கூப்பிடும், அருகில் இருக்கும் சாவி பதில் சொல்லும். இருவர் சேர்ந்து, ஒருவர் காரின் பக்கமும் மற்றவர் சாவியின் பக்கமும் கருவிகளோடு நின்றால், தூரத்தில் இருக்கும் சாவியையும் அருகில் இருப்பதாகக் காரை நம்பவைக்க முடியும். சூரிச் ஆராய்ச்சியாளர்கள் 2011-லேயே 8 கம்பெனிகளின் 10 மாடல்களில் இதைச் செய்துகாட்டினார்கள். வாசல் நிலைக்குப் பக்கத்து ஆணியில் சாவியை மாட்டும் பழக்கத்தை இதற்காகவே விட்டுவிடலாம். மூடி இறுக்கமான தகர டப்பா நல்ல இடம். டப்பாவோடு காருக்குப் பக்கத்தில் போய்க் கதவை இழுத்துப் பாருங்கள். திறந்தால், அந்த டப்பா போதாது.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்குகிறவர்களுக்கு: மீதிப் பணத்தைக் கொடுக்கும் முன் இரண்டு சாவியும், சாவி நம்பர் பொறித்த சின்னத் தகடும் வந்ததா என்று பாருங்கள். அந்த நம்பர் இருந்தால் பின்னாளில் புதுச் சாவி வெட்டுவது சுலபம். அதைச் சாவிக்கொத்திலேயே கோத்து வைக்காதீர்கள். ஒரு சாவிதான் உண்டு என்றால் ஸ்பேர் செய்யும் செலவைக் கேட்டறிந்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள். முந்தைய ஓனரிடம் மிச்சமிருக்கிற சாவி எதுவும் இனி வேலை செய்யாதபடி பதிவுகளை அழிக்கச் சொல்லி, ஸ்கேனர் திரையில் எத்தனை சாவி பதிவாகியிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். உங்கள் கையில் இருக்கும் எண்ணிக்கையைவிட அதிகமாக இருந்தால் பணத்தைப் பையிலேயே வைத்திருங்கள்.