சக்கரத்தின் அளவும் மலைப்பாதையும்

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், டாமல்பயஸ் மலைச்சரிவுகளில் 1970களில் இளைஞர் சிலர் தடித்த டயர் கொண்ட பழைய சைக்கிள்களில் இறங்கி விளையாடினர். மலைச் சைக்கிளின் தொடக்கம் அதுவே. அவ்வண்டிகளின் சக்கரம் 26 அங்குலம். ஆய்ந்து தேர்ந்த அளவன்று அது. கையில் கிடைத்தது, அவ்வளவே! ஆயினும் பல்லாண்டுகள் அதுவே வழக்கமாக நிலைத்தது.

2000க்குப் பின் 29 அங்குலம் பரவியது. பெரிய சக்கரம் கல்லையும் வேரையும் சாய்வான கோணத்தில் சந்திப்பதால் எளிதில் ஏறிக் கடக்கிறது. நீண்ட கரடுமுரடான பாதைக்கு அது ஏற்றது. எனினும் எடை கூடுதல். நெருக்கமான வளைவுகளில் திரும்புவது சற்றுத் தாமதம். உயரம் குறைந்தோருக்குச் சிரமம். வளைந்து நெளியும் பாதைக்கு இடைப்பட்ட 27.5 அங்குலத்தைப் பலர் விரும்புவர். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 29இல் வந்த செக் வீரர் குல்ஹாவி, 27.5இல் வந்த சுவிஸ் வீரர் ஷுர்ட்டரை ஒரே நொடியில் முந்தித் தங்கம் வென்றார். வென்றது சக்கரமா, காலா?

பிள்ளைகள் பெரிய எண்ணையே கேட்டு அடம்பிடிப்பர். அந்த எண்ணை நம்பிவிடாதீர்கள். நம் ஊர்ப் பழைய 28 அங்குலச் சைக்கிளின் ரிம் 635 மி.மீ.; 29இன் ரிம்மோ 622 மி.மீ.தான்! தடித்த டயரே அதைப் பெரிதாக்குகிறது. ஆகவே டயர் மாற்றுகையில் பக்கவாட்டிலுள்ள மி.மீ. எண்ணைப் பாருங்கள்: 26க்கு 559, 27.5க்கு 584. வாங்குமுன், சட்டத்தின் இருபுறமும் கால் ஊன்றிப் பிள்ளையை நிற்கச் சொல்லுங்கள். பாதம் இரண்டும் தரையில் முழுதாகப் பதியாவிடில், அடுத்த சிறிய வண்டியைக் கேளுங்கள்.