தீபாவளி விருந்து: எதை வாங்கலாம், எதைச் செய்யலாம்?

தீபாவளிக்கு வீட்டுக்குப் பத்துப் பேர் வருகிறார்கள் என்றால் இரண்டு கவலைகள் சேர்ந்தே வரும். ஒன்று செலவு, இன்னொன்று வேலை. எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்ய இறங்கினால் பண்டிகைக்கு முந்தைய நாள்கள் அடுப்படியிலேயே கழியும். பண்டிகையன்று வந்தவர்களோடு உட்கார்ந்து பேசக்கூடத் தெம்பு இருக்காது. எல்லாவற்றையும் கடையில் வாங்கினால் மாதக் கணக்கில் துண்டு விழும்.

இரண்டுக்கும் நடுவே நல்ல வழி ஒன்று இருக்கிறது. நேரத்தைத் தின்னும் பண்டங்களைக் கடையில் வாங்குங்கள். சூடாக இருந்தால்தான் ருசிக்கும் என்பவற்றை வீட்டில் செய்யுங்கள். முறுக்கையும் ஓமப்பொடியையும் நான்கு நாள் முன்பே செய்தாலும் ருசி குறையாது. இட்லி மாவு எந்தக் கிரைண்டரில் அரைபட்டது என்று இலையில் உட்கார்ந்தவர் கேட்கப்போவதில்லை. ஆனால் எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டோடு வரும் மெதுவடையையும், அப்போது தாளித்த சட்னியையும், கொதிக்கிற சாம்பாரையும் எந்தக் கடையாலும் வீட்டைப் போலத் தர முடியாது. இவற்றுக்கான பொருள்செலவும் குறைவுதான். பாராட்டு வாங்கித் தருவதும் இவைதான்.

முதலில் ஒரு கணக்கு

வீண்செலவு பெரும்பாலும் 'எதற்கும் இருக்கட்டும்' என்று கூடுதலாக வாங்குவதில்தான் போகிறது. காலைப் பலகாரத்துக்கும் மாலைக் காபிக்கும் பெரியவர்கள் பத்துப் பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு நான்கு இட்லி என்றால் 40 இட்லி. ஒரு கிலோ மாவில் ஏறக்குறைய 20 இட்லி வரும். ஆகவே இரண்டு கிலோ மாவு, தோசை கேட்பவர்களுக்காக இன்னும் ஒரு கிலோ. ஆளுக்கு இரண்டு வடைக்குக் கால் கிலோ உளுந்து போதும். மாலையில் ஆளுக்கு 50 கிராம் மிக்சர் என்றால் அரை கிலோ. இனிப்பு ஆளுக்கு இரண்டு. பண்டிகையன்று நாலு வீட்டு இனிப்பும் வந்து சேர்வதால் அதற்கு மேல் யாரும் சாப்பிடுவதில்லை. அக்கம்பக்கத்துக்குக் கொடுக்க வேண்டியதைத் தனியாகக் கணக்குப் போட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. நம் ஊரில் விருந்தாளிகள் வெறுங்கையோடு வருவதில்லை. சொல்லாமல் விட்டால் எல்லாரும் இனிப்புப் பெட்டியோடுதான் வருவார்கள். "என்ன வாங்கிட்டு வரட்டும்?" என்று கேட்பவரிடம் "ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்லாமல் வேண்டியதைச் சொல்லிவிடுங்கள். "சித்தி, ஸ்வீட் நிறைய இருக்கு, உங்க கையால ஒரு டப்பா தட்டை மட்டும் கொண்டு வாங்க" என்றால் சித்திக்கும் பெருமைதான். சாத்தூரிலிருந்து வருபவர் காராசேவும், மணப்பாறையிலிருந்து வருபவர் முறுக்கும், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வருபவர் பால்கோவாவும் கொண்டுவரட்டும். அந்தந்த ஊர்ப் பண்டம் அங்கேயே வாங்கும்போது புதிதாகவும் விலை மலிவாகவும் கிடைக்கும்.

மாவு, பொடி, மிக்ஸ்

தயங்காமல் வாங்கலாம் என்பதில் முதலிடம் இட்லி மாவுக்கு. ஊறவைத்து, அரைத்து, பொங்கக் காத்திருக்கும் வேலை மிச்சம். பண்டிகையன்று மாவுக் கடைகள் திறக்குமா என்பது நிச்சயமில்லை. ஆகவே முந்தின நாள் காலையிலேயே வாங்கி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். புளிப்பு ஏறிவிட்டால் இட்லிக்கு வற்புறுத்த வேண்டாம். வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை வதக்கிச் சேர்த்துக் குழிப்பணியாரம் ஊற்றினால் அந்தப் புளிப்பே ருசியாகிவிடும். காலையில் இட்லிக்குக் கறிக்குழம்பு வைக்கும் வீடுகளில், மாவுக்குச் செலவான சிறு தொகையைப் பார்க்காமல் நல்ல கறிக்குப் பணத்தை ஒதுக்குவது புத்திசாலித்தனம்.

வறுத்த சேமியா, முறுக்கு மாவு, குலாப் ஜாமூன் மிக்ஸ் ஆகியவையும் இதே வகை. அரிசியைக் களைந்து, உலர்த்தி, மில்லுக்குத் தூக்கிப் போகும் வேலை முறுக்கு மாவில் இல்லை. பிசையும்போது வெண்ணெயும் எள்ளும் சேர்த்துக்கொண்டால் வீட்டு வாசனை வந்துவிடும்.

மிக்சர்: பாதி கடை, பாதி வீடு

கடையில் மிக்சர் வாங்கும்போது அதில் கலந்திருக்கும் பொட்டுக்கடலைக்கும் வேர்க்கடலைக்கும் மிக்சரின் விலையைத்தான் கொடுக்கிறோம். மளிகைக் கடையில் அவற்றின் கிலோ விலை மிக்சரைவிடக் குறைவு. வீட்டில் முழுவதுமாகச் செய்யலாம் என்றால் பூந்தி தேய்ப்பதும் ஓமப்பொடி பிழிவதும்தான் நேரத்தை விழுங்கும் வேலைகள்; சட்டி நிறைய எண்ணெயும் வேண்டும். ஆகவே அந்த இரண்டை மட்டும் கடையில் வாங்குங்கள்.

அரை கிலோ ஓமப்பொடி, கால் கிலோ காராபூந்தி. இவற்றோடு 200 கிராம் வேர்க்கடலை, 100 கிராம் பொட்டுக்கடலை, 100 கிராம் கெட்டி அவல், ஒரு முழுப்பூண்டு, இரண்டு கைப்பிடி கறிவேப்பிலை. சிறிய வாணலியில் ஒரு குழிக்கரண்டி எண்ணெய் காயவைத்து, வேர்க்கடலையைச் சிவக்க வறுத்து எடுங்கள். அடுத்து அவலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் பொரியவிட்டு எடுங்கள். பொட்டுக்கடலைக்கு ஒரு புரட்டுப் போதும். தோலோடு தட்டிய பூண்டை நிறம் மாறும்வரை விட்டு, கடைசியாகக் கறிவேப்பிலை. ஈரம் துளியும் இருக்கக் கூடாது, இருந்தால் எண்ணெய் தெறிக்கும். சூட்டோடு இருக்கும்போதே பெருங்காயம், மிளகாய்த்தூள், உப்பு தூவிப் பிரட்டுங்கள். நன்றாக ஆறிய பிறகுதான் ஓமப்பொடியோடும் பூந்தியோடும் கலக்க வேண்டும். சூட்டில் கலந்தால் ஆவி இறங்கி எல்லாம் நமுத்துவிடும். அரை மணி நேர வேலையில் ஒரு கிலோவுக்கு மேல் மிக்சர் தேறும்; விருந்துக்கு அரை கிலோ போக, மீதி அக்கம்பக்கத்துக்கு. பூண்டும் கறிவேப்பிலையும் கமகமக்கும்போது யாரும் இதைக் கடைச் சரக்கு என்று சொல்லமாட்டார்கள்.

மிஞ்சிய காராபூந்தியைச் சாப்பிடும் நேரத்தில் கெட்டித் தயிரில் போட்டால் மதியச் சாப்பாட்டுக்கு ஒரு பச்சடி தயார்.

இனிப்பில் எங்கே செலவழிப்பது

தீபாவளிச் செலவில் இனிப்புக்குப் பெரும்பங்கு போகும். இரண்டு வகை போதும்: ஒன்று வீட்டில், ஒன்று கடையில்.

வீட்டில் செய்வதற்குக் குலாப் ஜாமூன் மிக்ஸ் கைகொடுக்கும். ஒரு சிறிய பாக்கெட்டில் எத்தனை வரும் என்று அட்டையிலேயே போட்டிருக்கும். பத்துப் பேருக்கு ஒரு பாக்கெட் தாராளம். மாவைச் சப்பாத்திக்குப் போல அழுத்திப் பிசையக் கூடாது. தண்ணீர் தெளித்து விரல்நுனியால் திரட்டி, மூடி வைத்து, பிறகு வெடிப்பில்லாமல் உருட்டுங்கள். மாவு வறண்டிருந்தால் உருண்டை வெடிக்கும். எண்ணெய் அதிகம் காய்ந்திருந்தால் வெளியே கறுத்து உள்ளே வேகாது. ஆகவே தீ சிறிதாகவே இருக்கட்டும். முந்தின நாள் மாலையே செய்து பாகில் ஊறவிட்டால் மறுநாள் பதமாக இருக்கும். ஜாமூன் பொரித்த எண்ணெயை வடிகட்டி வைத்தால் மறுநாள் வடைக்கு ஆகும். வடையை முதலில் பொரித்தால் அந்த வாடை ஜாமூனில் ஏறிவிடும் என்பதால் இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

கடையில் வாங்குவது நெய் மைசூர்பாகு, காஜு கத்லி போல வீட்டில் பதம் பிடிக்கக் கடினமான ஒன்றாக இருக்கட்டும். மெல்லிய காஜு கத்லி கிலோ விலையில் அதிகமாகத் தெரிந்தாலும் எண்ணிக்கையில் நிறைய நிற்கும். பெரிய லட்டு ஒரு கிலோவில் சில துண்டுகளே வரும். ஆகவே கிலோ விலையை மட்டும் பார்க்காமல், ஒரு துண்டுக்கு என்ன விலை ஆகிறது என்று கேட்டுப் பாருங்கள். எடை போடும்போது அட்டைப்பெட்டியின் எடையைக் கழிக்கச் சொல்வது உங்கள் உரிமை. பெட்டியையும் சேர்த்து இனிப்பு விலை வாங்குவது எடையளவுச் சட்டப்படி தவறு.

டின்னில் வரும் ரசகுல்லாவையும் ஜாமூனையும் வாங்கும்போது இன்னும் கவனம் வேண்டும். மேலே ஒரு கிலோ என்று போட்டிருக்கும். பாகு வடிந்த பிறகு நிற்கும் எடை எவ்வளவு என்று பக்கத்திலேயே சிறிய எழுத்தில் இருக்கும். பெரும்பாலும் பாதிதான். மீதிப் பாதி சர்க்கரைப் பாகு.

பாக்கெட்டை எப்படிப் படிப்பது

ஐந்து இடங்களைப் பார்த்தால் போதும்.

முதலாவது, சேர்மானப் பட்டியல். எது அதிகமோ அதன் பெயர் முதலில் வர வேண்டும் என்பது விதி. பாதாம் பால் பொடியில் முதல் பெயர் சர்க்கரை என்றிருந்தால், நீங்கள் வாங்குவது பாதாம் வாசனை சேர்த்த சர்க்கரை. நெய் இனிப்பு என்று பெயர் வைத்து, பட்டியலில் பாமாயிலோ வனஸ்பதியோ முன்னால் நின்றால் நெய் விலை கொடுக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, ஒரு கிராமுக்கு என்ன விலை என்ற வரி. மொத்த விலைக்குப் பக்கத்தில் இதையும் அச்சிடுகிறார்கள். இரண்டு கம்பெனி பாக்கெட்டுகளை ஒப்பிட இதைவிடச் சுலபமான வழி கிடையாது. பெரிய பாக்கெட்தான் மலிவு என்பதும் எப்போதும் உண்மையில்லை.

மூன்றாவது, நிகர எடை. சிப்ஸ் பாக்கெட் உப்பியிருப்பது உள்ளே நிரப்பிய நைட்ரஜன் வாயுவால். பண்டம் காறாமலும் நொறுங்காமலும் இருக்க அது உதவுகிறது. ஆகவே பையின் அளவைப் பார்த்து மயங்க வேண்டாம்.

நான்காவது, தேதி. பாக்கெட்டில் மட்டுமல்ல, தட்டில் அடுக்கி உதிரியாக விற்கும் இனிப்புக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று கடைக்காரர் எழுதி வைக்க வேண்டும். 2020 அக்டோபர் 1 முதல் இது கட்டாயம். எழுதியில்லை என்றால் கேளுங்கள்.

ஐந்தாவது, இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண். வீட்டிலிருந்தே பலகாரம் செய்து விற்பவர்களுக்கும் பதிவு வேண்டும். பக்கத்துத் தெருவில் கைப்பக்குவத்தோடு முறுக்கு சுற்றும் அக்காவிடமோ மகளிர் சுயஉதவிக் குழுவிடமோ ஆர்டர் கொடுத்தால் பெரிய கடையைவிட விலை குறையலாம், அந்தப் பணம் இன்னொரு வீட்டுத் தீபாவளிக்கும் உதவும். எந்த எண்ணெயில் செய்கிறார்கள், எப்போது செய்தது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

விலையில் இன்னொரு விவரம்: 2025 செப்டம்பர் 22 முதல் நெய், வெண்ணெய், பாக்கெட்டில் வரும் கார வகைகள் ஆகியவற்றின் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பரோட்டா, சப்பாத்திக்கு வரி நீங்கியது. இரவுச் சாப்பாட்டுக்கு ஃபிரீசர் பரோட்டா வாங்குவோருக்கு இது லாபம். வீட்டில் ஒரு சால்னா வைத்தால் போதும்.

வாங்கத் தேவையில்லாதவை

பாயச மிக்ஸ் வேண்டாம். அதில் பெரும்பகுதி சர்க்கரையும் சேமியாவும்தான். இரண்டையும் தனியாக வாங்கிப் பால் ஊற்றினால் செலவு குறையும், ருசி கூடும். நறுக்கிய காய், உரித்த பூண்டு போன்றவற்றில் கூலியையும் சேர்த்துக் கொடுக்கிறோம். வந்திருக்கும் உறவினர்கள் ஆளுக்கொரு கத்தி எடுத்தால் பேச்சோடு பேச்சாக அந்த வேலை முடியும். கடைச் சட்னியும் சாம்பாரும் கூடாது. தேங்காய்ச் சட்னி சீக்கிரம் ஊசிப்போகும். வடையையும் ஆறிப்போன நிலையில் வாங்கிவந்து திரும்பச் சுடவைப்பதில் பயனில்லை.

எது எந்த நாளில்

பத்து நாள் முன்பு: மளிகைச் சாமான், மிக்ஸ், சேமியா, நெய், எண்ணெய். தீபாவளி லேகியத்துக்கான பொடியை நாட்டு மருந்துக் கடையில் இப்போதே வாங்கிவிடலாம்.

நான்கு நாள் முன்பு: முறுக்கு, ஓமப்பொடி, காராபூந்தி. உதிரியாக வாங்கும்போது ஒன்றை வாயில் போட்டுப் பாருங்கள். காறல் வாடை அடித்தால் அது பழைய எண்ணெயில் பொரித்ததாக இருக்கலாம்.

இரண்டு நாள் முன்பு: நெய் இனிப்பு வாங்குவது, மிக்சர் கலப்பது.

முந்தின நாள்: காலையில் இட்லி மாவு, மாலையில் ஜாமூன், இரவில் உளுந்தை அரைத்து ஃபிரிட்ஜில் வைப்பது. பால் இனிப்பு வாங்குவதாக இருந்தால் அதையும் இன்றைக்குத்தான் வாங்க வேண்டும். ரசகுல்லா, ரசமலாய் வகைகளுக்கு ஏறத்தாழ இரண்டு நாள்தான் ஆயுள். கோவா இனிப்புகள் நான்கு நாள் வரை, காஜு கத்லி போன்றவை ஒரு வாரம் வரை தாங்கும். பாலில் செய்ததைச் சாப்பிடும் நேரம் வரை ஃபிரிட்ஜில் வையுங்கள்.

தீபாவளியன்று காலை: எண்ணெய்க் குளியல் முடிந்து எல்லாரும் உட்காரும்போது இட்லி வெந்திருக்க வேண்டும், சட்னி அரைத்திருக்க வேண்டும், வடை எண்ணெயில் இருக்க வேண்டும். அவ்வளவுதான் அன்று காலைச் சமையல்.

விருந்தோம்பல் என்றால் வீட்டுப் பெண்கள் அடுப்போடு வேக வேண்டும் என்று யாரும் விதி எழுதவில்லை. பத்துப் பலகாரம் செய்துவிட்டுக் களைத்துப் படுத்திருப்பவரைவிட, நான்கு பலகாரம் வைத்துவிட்டுப் பந்தியில் தானும் உட்கார்ந்து சாப்பிடுபவரின் வீட்டில்தான் வந்தவர்களுக்கு மனம் நிறையும். பண்டிகை முடிந்த மறுநாள் என்ன வாங்கினோம், என்ன விலை, எது மிஞ்சியது, எது போதவில்லை என்று ஒரு தாளில் எழுதி மளிகைச் சிட்டையோடு சேர்த்து வையுங்கள். அடுத்த தீபாவளிக்குப் பட்டியல் போடும்போது இந்தக் கட்டுரையைவிட அந்தத் தாள்தான் உங்களுக்குத் துல்லியமாக வழிகாட்டும்.