எடைச்சீட்டு மட்டும் போதாது

திருப்பூரில் சாயம் ஏற்றவும் துணியை உலர்த்தவும் நீராவி வேண்டும். அதற்குப் பல பாய்லர்கள் விறகையே நம்பியிருக்கின்றன. லோடு எடைமேடை ஏறி இறங்கியதும் எத்தனை டன் என்ற சீட்டு கைக்கு வந்துவிடும். அந்த விறகு பட்டா நிலத்தில் வெட்டியதா, ஏரிப் புறம்போக்கிலா, காப்புக்காட்டிலா என்பதை அது சொல்லாது. ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் ஒரு பகுதி, உடுமலை, அமராவதி வனச்சரகங்களாக இந்த மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே மரத்தின் கணக்கு, வெட்டிய அடிக்கட்டையில் தொடங்கி பாய்லர் வாசல்வரை அறுபடாமல் வரவேண்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. கூடலூர் மரவெட்டை எதிர்த்து எழுந்த கோதவர்மன் வழக்கில், மத்திய அரசு ஒப்புதல் அளித்த செயல்திட்டப்படி அன்றிக் காட்டு மரத்தை வெட்டக்கூடாது என்று 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் அளவு பிசகினால் அனுமதியும் பிசகும். நடுச்சுற்றளவு 120 செ.மீ., நீளம் 3 மீட்டர் உள்ள கட்டையைக் கால்சுற்றளவு முறையில், அதாவது சுற்றளவில் கால்பங்கின் வர்க்கத்தை நீளத்தால் பெருக்கிக் கணக்கிட்டால் 0.27 கன மீட்டர் வரும். உண்மைக் கன அளவோ 0.34. பட்டையும் அறுப்புச் சேதமும் கழிகின்றன என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். பலகை அறுப்பவருக்கு அது பொருந்தும். பாய்லரிலோ பட்டையும் சேர்ந்தே எரிகிறது. போதாக்குறைக்கு, பச்சை மரத்தின் எடையில் பாதிவரை தண்ணீராக இருக்கலாம். காட்டில் கன மீட்டர், ஆலையில் டன் என்று கணக்கு மாறும்போது, இந்த இடைவெளியில் கள்ள மரம் எளிதில் ஒளிந்துகொள்ளும்.

‘வருவதில் பெரும்பகுதி சீமைக்கருவேலம்தானே, சிறு வியாபாரிக்கு இன்னொரு காகிதம் எதற்கு?’ என்று கேட்கலாம். நேர்மையான விறகு நிறைய வருவதால்தான் திருட்டு விறகு அதோடு கலக்க முடிகிறது. காட்டு மரம் என்று தெரியவந்தால் சரக்கும் வண்டியும் பறிமுதலாகலாம். அப்போது பட்டா மரம் விற்ற விவசாயியையும் வாங்கிய ஆலையையும் காப்பது ஆவணம்தான். அனுமதிச் சீட்டு தேவைப்படும் மரமென்றால் அதன் எண்ணையும், விலக்குப் பெற்ற மரமென்றால் வெட்டிய நிலத்தின் சர்வே எண்ணையும் எடைச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். மரம் பச்சையா, காய்ந்ததா என்பதையும் குறிக்கச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் மாவட்ட வன அலுவலரிடம் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். புறம்போக்கு மர ஏலக் கணக்கைக் கிராமசபையில் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் அளவுப் பதிவேட்டின் நகல் கேட்டால் 30 நாளில் பதில் தரவேண்டும். பொதுக் காடு நம் எல்லோருக்கும் சொந்தம். அதன் கணக்கைக் கேட்பது நம் உரிமை, சரியாக எழுதி வைப்பது வாங்குபவரின் கடமை.