உங்களுக்குத் தெரியுமா? ஆற ஆறச் சுருங்கும் கேக்

20 செ.மீ. வட்டத் தட்டில் வெந்த கேக், சூடு ஆறும்போது விட்டத்தில் 1 செ.மீ. மட்டுமே குறைந்தாலும், அதன் மேற்பரப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இல்லாமற் போகிறது.

• கேக்கின் நுண்துளைகளில் விரிந்திருந்த காற்று சுருங்குவதும் நீராவி குளிர்ந்து நீராவதும் இதற்கு முக்கிய காரணங்கள். கேக் இவ்வாறு சுருங்குவதால், அதைத் தாங்கும் தடித்த அட்டையான கேக் போர்டைத் தட்டின் அளவுக்கன்றி, ஆறிய கேக்கின் அளவோடு ஐசிங் பூச்சின் தடிப்பையும் கூட்டித் தெரிவு செய்தல் வேண்டும்.



• விருந்தினருக்குரிய கேக் துண்டுகள் தனியே பொதிசெய்து வழங்கப்படுவதால், இலங்கைத் திருமண மேடைகள் பலவற்றில் காட்சிக்கு மட்டும் நிற்கும் ரெஜிபோம் அடுக்குகளுக்கோ, அதாவது கேக் வடிவில் வெட்டப்பட்ட வெண்ணுரைப் பிளாஸ்டிக்குக்கோ, அவை வெந்து ஆறுபவை அல்ல என்பதால், சுருங்கும் என்ற கவலையே இல்லை.