மேனிங்கா, லீஃபா?

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர் குவார்ட்டர்பேக். கல்லூரி வீரர்களை என்.எஃப்.எல். அணிகள் தேர்ந்தெடுக்கும் ‘டிராஃப்ட்’ நெருங்கினால் உயரம், எடை, ஓட்டம் என எல்லாவற்றையும் அளப்பார்கள். பெண் பார்க்கும் படலம் தோற்றுவிடும்!

1998-ல் முதல் வாய்ப்பு இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ் அணிக்கு. பேட்டன் மேனிங்கா, ரயான் லீஃபா என நிபுணர்களே இரண்டுபட்டார்கள். லீஃபுக்குத் தோள் வலு. மேனிங்குக்கு எதிரணி வியூகத்தைப் படிக்கும் புத்தி. கோல்ட்ஸ் மேனிங்கை எடுத்தது. அடுத்ததாக சான் டியாகோ சார்ஜர்ஸ், லீஃபை.

வேடிக்கை என்னவென்றால், முதல் சீஸனில் மேனிங் எறிந்த 28 பந்துகள் எதிரணி கையில் சிக்கின. ஆனாலும் அணி அவரைத் தொடர்ந்து ஆடவிட்டது. பிறகு 2 சூப்பர் பவுல் கோப்பைகள், 5 முறை சிறந்த வீரர் விருது! லீஃப்? சீஸன் முடியும் முன்பே பெஞ்சில். மொத்தம் 25 ஆட்டங்கள்; 2002-ல் ஓய்வு பெற்றபோது வயது 26.